முடிக்கத் தெரிந்த மருத்துவம்: அருணை வட்டாரத்தில் மனநலச் சிகிச்சை நிறைவு பெற்ற வரலாறு

மனநல மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தொடக்கங்களையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்த மருத்துவமனை எழுந்தது, முதல் மருத்துவர் யார், எந்த மருந்து எப்போது வந்தது என்பவற்றுக்கு நூல்களில் கிடைக்கும் இடம், சிகிச்சை எவ்வாறு படிப்படியாகக் குறைக்கப்பட்டு நிறைவு செய்யப்பட்டது, நலம் பெற்றவர் யாருடைய கையில் ஒப்படைக்கப்பட்டார், ஒப்படைக்கப்பட்ட இடத்தில் அந்த நலம் நிலைத்ததா என்ற கேள்விகளுக்குக் கிடைப்பதில்லை. மருத்துவமனையின் கதவு திறந்து ஒருவர் வீட்டுக்குப் போகும் நாள், அவர் உள்ளே வந்த நாளைவிட எவ்வகையிலும் குறைந்த முக்கியத்துவம் உடையதன்று என்பதால், இந்த விடுபட்ட பக்கத்தைத் தனியே ஆராய்வது தேவையாகிறது.

இந்த ஆய்வுக்குத் திருவண்ணாமலையும் அதைச் சூழ்ந்த வட்டாரமும் பொருத்தமான களமாகின்றன. தென் ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த இவ்வூர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தோடு இணைக்கப்பட்டு, மருத்துவம், நீதி, வணிகம் ஆகிய எல்லாவற்றுக்கும் வேலூரை நோக்கும் ஊராயிற்று. 1989-ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகரான பின்னரும் பெரிய நோய்களுக்கு வேலூருக்குப் போகும் வழக்கம் மறையவில்லை. மனம் கலங்கியவர்களைக் கோயிலில் தங்கவைக்கும் பழைய வழக்கம், சென்னையில் எழுந்த காப்பகத்துக்கு அனுப்பும் காலனிய வழக்கம், குடும்பத்தை உடன் தங்கவைத்துப் பயிற்றுவிக்கும் வேலூர் வழக்கம் ஆகிய மூன்றும் இந்த வட்டாரத்து மக்களின் வாழ்வில் அடுத்தடுத்தும் ஒரே காலத்திலும் இடம்பெற்றுள்ளன. மூன்றும் சிகிச்சையின் முடிவை மூன்று வேறு விதங்களில் கையாண்டன.

நடத்தைச் சிகிச்சை என்பது, மனத்தின் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று தேடுவதைவிட, கண்ணால் காணக்கூடிய செயல்களை மாற்றுவதில் கவனம் செலுத்தும் முறையாகும். ஒரு செயலுக்கு முன் என்ன நிகழ்கிறது, அதற்குப் பின் என்ன கிடைக்கிறது என்பதை ஆராய்ந்து, விரும்பத்தக்க செயலுக்கு உடனடியாக ஊக்கம் அளித்து, பெரிய செயலைச் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிப்பது அதன் வழி. அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள குழந்தைகளுக்குச் சோறு பிசைந்து உண்ணவும், சட்டைப் பொத்தான் போடவும், தேவையைச் சொல்லிக் கேட்கவும் கற்பிப்பது முதல், அச்சக் கோளாறு உள்ள பெரியவர்களை அவர்கள் அஞ்சும் சூழலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்குவது வரை அதன் எல்லை விரிந்தது. இத்தகைய சிகிச்சையைத் திடீரென நிறுத்தினால் கற்றவை கரைந்துபோகும் என்பதும், நிறுத்தாமலே நீட்டினால் சிகிச்சையாளரைச் சார்ந்தே வாழும் நிலை உண்டாகும் என்பதும் அதன் உள்ளார்ந்த சிக்கல்கள். ஆகவே அதன் நிறைவைத் திட்டமிடுவது அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வளர்ந்தது.

கோயிலின் கெடு

தமிழகத்தில் மனநோய்க்கான தங்கல் சிகிச்சையின் மிகப் பழைய வடிவம் கோயிலையும் தர்காவையும் சார்ந்தது. வட ஆர்க்காட்டின் சோளிங்கரில் மனம் கலங்கியவர்களை அழைத்துவந்து தக்கான் குளத்தில் நீராட்டி, நரசிம்மரும் ஆஞ்சநேயரும் எழுந்தருளியுள்ள மலைகளை நாள்தோறும் ஏறவைக்கும் வழக்கம் இருந்துவந்தது. திருவண்ணாமலைக்குக் கிழக்கே உள்ள மேல்மலையனூரில் அங்காளம்மன் சந்நிதிக்கு அமாவாசை தோறும் இத்தகையோர் அழைத்துவரப்பட்டனர். காவிரிக் கரையில் திருச்சிராப்பள்ளிக்கு அருகில் உள்ள குணசீலத்தில், பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள்கள், தங்கி, உச்சிக்கால பூசையிலும் அர்த்தசாம பூசையிலும் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்பெறும் முறை இன்றும் நடைபெறுகிறது.

இந்த வழக்கங்களின் மருத்துவப் பயனைப் பற்றிய கருத்துகள் பலவாயினும், அவற்றின் அமைப்பில் இரண்டு கூறுகள் கவனத்துக்குரியவை. முதலாவது, தங்குவதற்கு ஒரு கெடு முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. வந்த நாளிலேயே போகும் நாளும் குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது, நோயாளி தனித்து விடப்படவில்லை. தாயோ கணவரோ உடன்பிறந்தவரோ கூடவே தங்கி, உணவூட்டி, குளிப்பாட்டி, பூசைக்கு அழைத்துச்சென்றனர். ஆர். ரகுராமும் அவருடைய குழுவினரும் தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. சராசரியாக ஆறு வாரம் தங்கிய அவர்களுடைய நோய்க்குறி அளவு, மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் ஓர் அளவுகோலின்படி 52.9-இலிருந்து 42.9-ஆகக் குறைந்திருந்தது. அங்கு மந்திரமோ சடங்கோ தனியாகச் செய்யப்படவில்லை. அன்பான சூழலில், உறவினர் துணையுடன், சிறு வேலைகளைச் செய்துகொண்டு தங்கியிருந்ததையே ஆய்வாளர்கள் பயனுக்குக் காரணமாகக் கருதினர்.

திருவண்ணாமலையின் நிலை இவற்றினின்று வேறுபட்டது. அருணாசலேசுவரர் கோயிலும் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையும் மனநோயைத் தீர்க்கும் தலமென்று பெயர்பெற்றவை அல்ல. அவை வந்தவரை ஏற்றுக்கொள்ளும் தலமாகவே இருந்தன. 1889-இல் இவ்வூருக்கு வந்து 1929-இல் மறையும் வரை வீதிகளில் திரிந்த சேஷாத்ரி சுவாமிகளைப் பித்தர் என்று கருதியவர்களும் ஞானி என்று வணங்கியவர்களும் ஒரே தெருவில் வாழ்ந்தனர். 1896-இல் வந்து பாதாள லிங்கத்தருகே உணர்விழந்தவர்போல் அமர்ந்திருந்த இளைஞரான வேங்கடராமனைச் சிறுவர்களின் கல்லெறியிலிருந்து காத்தவரும் சேஷாத்ரி சுவாமிகளே என்பது ரமண மகரிஷியின் வரலாற்றில் பதிவாகியுள்ளது. வழக்கத்துக்கு மாறான நடத்தையைச் சகித்து, அன்னதானத்தால் உயிரைக் காத்த இந்த ஊரில், வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் முறை ஒன்று உருவாகவில்லை. குணசீலத்தில் இருந்த கெடு இங்கு இல்லை. உடன்தங்கும் உறவினரும் இல்லை. சாதுக்களின் நடுவே உண்மையாகவே மனநோயுற்ற ஒருவர் பல ஆண்டுகள் கண்டறியப்படாமல் வாழ்ந்துவிட முடியும் என்பதே இந்தச் சகிப்பின் மறுபக்கம்.

காப்பகத்தின் ஆணை

ஆங்கிலேயர் ஆட்சியில் முடிவைத் தீர்மானிக்கும் உரிமை குடும்பத்திடமிருந்து அதிகாரியிடம் சென்றது. 1794-இல் அறுவை மருத்துவர் வாலன்டைன் கொனொலியின் பொறுப்பில் சென்னையில் தொடங்கிய மனநோய்க் காப்பகம், 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறி, மாகாணம் முழுவதிலிருந்தும் அனுப்பப்பட்டோரை ஏற்றது. அது 1922-இல் அரசு மனநோய் மருத்துவமனை என்றும் 1978-இல் மனநல நிறுவனம் என்றும் பெயர் பெற்றது. 1858-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 1912-ஆம் ஆண்டு இந்திய மனநோயர் சட்டமும் அனுமதிக்கும் முறையையே மிக விரிவாக வகுத்தன. விடுவிப்பைப் பொறுத்தவரை, காப்பகத்தின் பார்வையாளர்கள் மூவர், அவர்களுள் ஒருவர் மருத்துவ அதிகாரியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன், எழுத்துவழி ஆணையிட்டு ஒருவரை வெளியே அனுப்பலாம். உறவினர் தக்க பாதுகாப்பளிப்பதாக உறுதிமொழி எழுதிக்கொடுத்தும் அழைத்துச்செல்லலாம்.

இந்த ஏற்பாட்டில் விடுவிப்பு என்பது ஒரு நாளின் ஒரு கையெழுத்து. அதற்கு முன் தயாரிப்பும் அதற்குப் பின் கவனிப்பும் சட்டத்தில் இடம்பெறவில்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவண்ணாமலைப் பகுதியின் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு, காப்பகத்தில் விடப்பட்டவரைப் போய்ப் பார்ப்பதே பெரும் செலவு. ஆண்டுகள் செல்லச்செல்ல அவருடைய இடம் வீட்டில் நிரப்பப்பட்டுவிடும், நிலம் பங்கிடப்பட்டுவிடும், தம்பி தங்கையரின் திருமணங்கள் அவரை மறைத்தே நடந்துவிடும். நோய் தணிந்த பின்னும் பலர் உள்ளேயே முதுமையடைந்ததற்கு இந்தச் சமூகக் காரணங்களே பெரிதும் அடிப்படையாயின. ஒருவரை வெளியே அனுப்புவதற்கு அவர் நலம் பெற்றால் போதாது, அவரை ஏற்க ஓர் இடம் காத்திருக்கவேண்டும் என்னும் பாடத்தைக் காப்பகத்தின் வரலாறு எதிர்மறையாகக் கற்பித்தது.

1950-களில் மனச்சிதைவு நோயைக் கட்டுப்படுத்தும் குளோர்புரோமசின் மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. 1961-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் பொறுப்பேற்ற டாக்டர் எம். சாரதா மேனனின் காலத்தில் வெளிநோயாளர் சேவையும் தொழில்வழிச் சிகிச்சையும் வலுப்பெற்றன. வேலை செய்யும் பழக்கத்தை உள்ளேயே மீட்டெடுத்தால் வெளியே வாழ்வது எளிதாகும் என்பது அதன் கருத்து. ஓய்வுக்குப் பின் அவர் 1984-இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப், மருத்துவமனைக்கு வெளியே உள்ள நீண்ட வாழ்வையே தன் களமாகக் கொண்டது. முதன்முறையாக நோயுற்ற 90 பேரை 1980-களின் தொடக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்த சென்னை நெடுங்கால ஆய்வு, டாக்டர் ஆர். தாராவின் தலைமையில், இந்நிறுவனத்தோடு இணைந்து வளர்ந்த பணியாகும்.

வேலூரின் வழி

முடிவைப் பற்றிய சிந்தனையில் உண்மையான திருப்பம் திருவண்ணாமலைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், கனடா நாட்டு மனநல மருத்துவரான ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால் 1957-இல் பாகாயத்தில் தொடங்கப்பட்டது. அங்கு நோயாளியுடன் குடும்பத்தினர் ஒருவராவது உடன் தங்கவேண்டும் என்பது விதியாயிற்று. அவர்கள் சிறு குடில்களில் தங்கி, தாங்களே சமைத்து, நோயாளியைக் கவனித்தனர். பஞ்சாபின் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்த முயற்சி இதற்கு முன்னோடி. பணியாளர் பற்றாக்குறையால் தொடங்கியதாகக் கூறப்படும் இந்த ஏற்பாடு, பின்னர் சிகிச்சையின் சிறப்பு அம்சமாகவே அறியப்பட்டது. ஏனெனில் உடன் தங்கிய உறவினர்கள் நோயின் குறிகளை அறிந்தனர், மருந்தின் அளவை அறிந்தனர், கோபம் வரும்போது எப்படிப் பேசவேண்டும் என்பதைச் செவிலியரைப் பார்த்தே கற்றனர். வீட்டுக்குத் திரும்பிய நாளில் சிகிச்சை ஓர் அந்நியரின் கையிலிருந்து உறவினரின் கைக்கு முன்பே மாறியிருந்தது.

வேலூர் ஏற்பாட்டின் கருத்து கோயில் வழக்கத்தோடு ஒத்திருப்பதை எளிதில் காணலாம். உடன்தங்கலும் வரையறுத்த காலமும் இரண்டிலும் உண்டு. எனினும் கோயிலில் உறவினர் துணையாக மட்டுமே இருந்தார். வேலூரில் அவர் பயிற்சி பெறும் மாணவராகவும் ஆனார். இந்த வேறுபாடே பின்னர் நடத்தைச் சிகிச்சைக்கு வழிவிட்டது.

அதே காலத்தில் மேலைநாடுகளில் நடத்தைச் சிகிச்சை ஒரு துறையாக உருப்பெற்றுவந்தது. தென்னாப்பிரிக்கரான ஜோசப் வோல்பே, அச்சத்தைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை விளக்கும் நூலை 1958-இல் வெளியிட்டார். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் உள்ள அன்னா அரசு மருத்துவமனையில் தியோடோர் ஐயோனும் நேதன் அஸ்ரினும் 1960-களில் டோக்கன் முறையை நடத்தினர். படுக்கையை மடித்தல், தலைவாருதல் போன்ற செயல்களுக்கு டோக்கன் அளித்து, அதனைக் கொண்டு விரும்பிய பொருளை வாங்கச்செய்வது அதன் வழி. நீண்டகாலம் செயலற்றிருந்தவர்களும் இதனால் இயங்கத் தொடங்கினர். ஆயினும் டோக்கனை நிறுத்தியபோது செயலும் பெரும்பாலும் நின்றுபோனது. கற்ற செயல் கற்பித்த அறைக்கு வெளியேயும் நிகழவேண்டும் என்பதை, டொனால்ட் பேயர், மான்ட்ரோஸ் வொல்ஃப், டாட் ரிஸ்லி ஆகியோர் 1968-இல் துறையின் அடிப்படை இலக்கணங்களுள் ஒன்றாகவே வகுத்தனர். 1977-இல் ட்ரெவர் ஸ்டோக்ஸும் பேயரும் எழுதிய கட்டுரை, அது தானாக நிகழும் என்று காத்திராமல் அதற்கும் தனியே திட்டமிடவேண்டும் என்று வலியுறுத்தியது.

இந்தத் திட்டமிடலின் தேவையை மிகத் தெளிவாகக் காட்டியது, ஐவர் லோவாஸ் குழுவினர் 1973-இல் வெளியிட்ட பின்தொடர் ஆய்வு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் தீவிர நடத்தைச் சிகிச்சை அளித்து, ஒன்று முதல் நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர்களை மீண்டும் பார்த்தபோது, பெற்றோர் பயிற்சி பெற்றிருந்த வீடுகளுக்குத் திரும்பிய குழந்தைகள் தாம் கற்றதைத் தக்கவைத்துக்கொண்டோ மேலும் முன்னேறியோ இருந்தனர்; நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் கற்றதைப் பெரும்பாலும் இழந்திருந்தனர். இரு குழுவினருக்கும் கிடைத்த சிகிச்சை ஒன்றே. சிகிச்சை முடிந்த இடம் வேறாக இருந்ததே முடிவின் வேறுபாட்டுக்குக் காரணமாயிற்று. அமிர்தசரஸின் கூடாரங்களும் பாகாயத்தின் குடில்களும் அனுபவத்தால் கண்டறிந்திருந்ததை இந்த ஆய்வு அளவிட்டுக் காட்டியது எனலாம்.

வேலூர் மனநல மையத்தின் குழந்தைகள் பிரிவில் நம்பிக்கை நிலையம் என்ற பெயரில் வளர்ந்த பணி, இரு மரபுகளும் சேர்ந்த இடமாகும். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தை, தாய் அல்லது தந்தையுடன் குறிப்பிட்ட வாரங்கள் தங்கும். அந்தக் காலத்தில் பெற்றோரே ஆசிரியராகப் பயிற்றுவிக்கப்படுவர். பெற்றோர் குழுவாகக் கூடிக் கற்கும் பத்து வாரப் பயிற்சியின் பயனை, பால் ரஸ்ஸல் உள்ளிட்டோர் சீரற்ற முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்து, 1999-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியிட்டனர். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் குழந்தையைக் குறித்த மனப்பான்மை மேம்பட்டிருந்ததை அந்த ஆய்வு காட்டியது. குழந்தை நிலையத்தை விட்டுப் போகவேண்டிய நாள் தொடக்கத்திலேயே குறிக்கப்பட்டிருந்ததால், ஒவ்வொரு வாரத்தின் பணியும் அந்த நாளை நோக்கியே அமைந்தது.

தமிழகத்தில் இந்த முறைக்கு ஏற்ற அளவுகோலும் உருவாகியிருந்தது. சென்னையின் விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய சென்னை வளர்ச்சித் திட்ட முறை, அன்றாட வாழ்வின் 18 துறைகளில் துறைக்கு 20 வீதம் 360 செயல்களைப் பட்டியலிட்டு, குழந்தையால் செய்ய முடியாததைவிட முடிந்ததை முதலில் குறிக்கச் செய்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பட்டியலை மீண்டும் நிரப்பும்போது, எந்தச் செயலில் உதவியை நிறுத்தலாம், எதில் தொடரவேண்டும் என்பது சான்றுடன் தெரியவரும். சிகிச்சையைக் குறைப்பது என்ற முடிவு சிகிச்சையாளரின் ஊகத்திலிருந்து பதிவேட்டுக்கு மாறியது இவ்வாறுதான்.

படிப்படியாகக் குறைக்கும் முறை

நடைமுறையில் இந்தக் குறைப்பு நான்கு வழிகளில் ஒரே நேரத்தில் நிகழ்கிறது. முதலாவது உதவியைக் குறைத்தல். கையைப் பிடித்துச் செய்வித்த செயலை, பின்னர் முழங்கையைத் தொட்டும், பின்னர் சாடை காட்டியும், இறுதியில் எதுவும் சொல்லாமலும் செய்ய விடுதல். இரண்டாவது ஊக்கத்தைக் குறைத்தல். ஒவ்வொரு முறையும் கிடைத்த இனிப்பு சில முறை மட்டுமே கிடைத்து, பின்னர் பாராட்டாக மாறி, இறுதியில் செயலின் இயல்பான பயனே போதுமானதாதல். மூன்றாவது ஆளையும் இடத்தையும் மாற்றுதல். சிகிச்சை அறையில் கற்றதை வீட்டிலும், அங்கன்வாடியிலும், கடைத்தெருவிலும், பாட்டியுடனும் அத்தையுடனும் செய்து பழகுதல். நான்காவது சந்திப்புகளின் இடைவெளியை நீட்டுதல். வாரத்துக்கு மும்முறை என்பது ஒருமுறையாகி, இரு வாரத்துக்கு ஒருமுறையாகி, மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் ஒருமுறையாகி, கற்றது நழுவினால் மீண்டும் வரலாம் என்ற ஏற்பாட்டுடன் நிறைவடைதல்.

திருவண்ணாமலைக்கு இந்த முறையைப் பொருத்தும்போது ஊரின் இயல்பு சில திருத்தங்களைக் கோருகிறது. கார்த்திகை தீபத்தின்போதும் பௌர்ணமி தோறும் இலட்சக்கணக்கானோர் கூடும் ஊரில், அமைதியான அறையில் மட்டும் பழகிய குழந்தையின் பயிற்சி நிறைவு பெற்றதாகக் கருத இயலாது. கூட்டத்தின் ஓசையிலும் நெரிசலிலும் தாயின் கையை விடாமல் நடப்பதும், தொலைந்தால் உதவி கேட்பதும் அங்கு அடிப்படைத் திறன்களாகின்றன. அதேபோல் மாவட்டத்தின் மானாவாரிக் கிராமங்களிலிருந்தும் சவ்வாது மலையிலிருந்தும் குடும்பங்கள் பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் வேலைக்குப் போவது வழக்கமாதலால், சந்திப்புகளின் இடைவெளியை அவர்களுடைய பயணக் காலத்தோடு பொருத்தாவிட்டால், திட்டமிட்ட குறைப்பு கைவிடலாக மாறிவிடும். கிராமத்தில் தங்கிவிடும் தாத்தா பாட்டிக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் பயிற்சி அளிப்பது இத்தகைய குடும்பங்களுக்கு இன்றியமையாததாகிறது.

ஏர்வாடியும் அதன் பின்னும்

திட்டமில்லாத முடிவு எவ்வளவு கொடியதாகும் என்பதற்கும் தமிழகமே சான்றளித்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு அருகில் இயங்கிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை ஏற்றது. அரசு அனுமதியற்ற காப்பகங்களை அந்த மாதத்திலேயே மூடியது. 500-க்கும் மேற்பட்டோர் வெளியே கொண்டுவரப்பட்டு, சிலர் கீழ்ப்பாக்கத்துக்கும் மற்றவர்கள் குடும்பங்களுக்கும் அனுப்பப்பட்டனர். சங்கிலிகளை அகற்றியது தவிர்க்கமுடியாத கடமை. ஆயினும் அவர்களை ஏர்வாடியில் விட்டுச்சென்றதற்கு எந்தக் காரணங்கள் குடும்பங்களைத் தூண்டினவோ, அவை அவர்கள் திரும்பிய நாளிலும் அப்படியே இருந்தன. அருகில் மருத்துவர் இல்லை, மருந்துக்கு வழியில்லை, பயிற்சி இல்லை.

இந்தக் குறையை நிரப்பவே மாவட்ட மனநலத் திட்டம் பயன்பட வேண்டியிருந்தது. 1982-இன் தேசிய மனநலத் திட்டத்தின் கீழ் 1996-இல் தொடங்கிய அத்திட்டம், தமிழகத்தில் முதலில் திருச்சிராப்பள்ளியில் செயல்படத் தொடங்கி, பின்னர் மற்ற மாவட்டங்களுக்கு விரிந்தது. அரசு மருத்துவமனைகளில் குறித்த நாள்களில் மனநல மருத்துவர் வந்து பார்ப்பதும் இலவச மருந்தும் கிடைத்தபின், ஒரு குடும்பம் தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனையின் கவனிப்பை முடித்துக்கொள்வது சாத்தியமாயிற்று. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013-இல் தொடங்கியதும், குழந்தைகளின் குறைபாடுகளை இளமையிலேயே கண்டறியும் தேசியத் திட்டத்தின் மாவட்ட இடையீட்டு மையங்கள் அதே பத்தாண்டில் எழுந்ததும் இந்த வாய்ப்பை மேலும் அருகில் கொண்டுவந்தன.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்து, நூறாண்டுக்கும் மேலாகச் சட்டத்தில் இருந்த வெற்றிடத்தை நிரப்பியது. அதன் 98-ஆம் பிரிவு, ஒருவரைச் சமூகத்துக்கோ வேறு நிறுவனத்துக்கோ அனுப்பும்போது, சிகிச்சையளித்த மனநல மருத்துவர் அவரையும், அவர் நியமித்த பிரதிநிதியையும், அவர் யாருடன் வாழப்போகிறாரோ அந்தக் குடும்பத்தினரையும் கலந்து, அடுத்து என்ன சிகிச்சை, யாரால், எவ்வாறு என்பதற்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. 19-ஆம் பிரிவு, ஏற்கக் குடும்பம் இல்லை என்பதாலோ வீடு இல்லை என்பதாலோ ஒருவரை நிறுவனத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. 95-ஆம் பிரிவு சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்கிறது. 1912-இன் சட்டத்தில் ஒரு கையெழுத்தாக இருந்த விடுவிப்பு, இச்சட்டத்தில் ஒரு தொடர் செயலாக மாறியது.

குடும்பமே இல்லாதவரின் நிலை இவ்வரலாற்றின் கடினமான பகுதி. திருவண்ணாமலை போன்ற யாத்திரைத் தலத்துக்கு அது மிகவும் பொருந்துவது. கிரிவலப் பாதையில் பல மாநிலத்தவரும் பல மொழியினரும் தங்குவதால், அவர்களுள் மனநோயுற்ற ஒருவரின் ஊரையும் உறவையும் கண்டறிவதே முதல் சிகிச்சையாகிறது. 1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய தி பேன்யன் அமைப்பு, தெருவில் வாழ்ந்த மனநோயுற்ற பெண்களுக்குச் சிகிச்சையளித்து அவர்களின் ஊர்களைத் தேடிச் சேர்த்தது. திரும்பிச்செல்ல ஊரோ உறவோ இல்லாதவர்களுக்காக 2015 முதல் அந்த அமைப்பு நடத்திவரும் ஹோம் அகெய்ன் திட்டத்தில், சிலர் சேர்ந்து சாதாரணத் தெருவொன்றில் வாடகை வீட்டில் வாழ்ந்து, தேவைக்கேற்பப் பணியாளரின் உதவியைப் பெறுகின்றனர். அந்த உதவி ஒருவரின் திறன் வளரும் அளவுக்குக் குறைகிறது. தமிழக அரசும் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வழியாக, தன்னார்வ அமைப்புகளின் துணையுடன், ஆதரவற்ற மனநோயுற்றோருக்கான அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களை மாவட்டங்களில் நிறுவியுள்ளது. ஏற்கும் குடும்பம் இல்லையெனில் ஏற்கும் வீட்டை உருவாக்கவேண்டும் என்பது, குடும்பத்தைப் பயிற்றுவித்த வேலூர் வழியின் நேர் வளர்ச்சியாகும்.

விடுவிப்புக்குப் பின்னும் ஒரு நூல் அறாமல் இருக்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடுகளும் இக்காலத்தில் பெருகின. ஸ்கார்ஃப் 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பேருந்து ஒன்றில் காணொளிக் கருவிகளைப் பொருத்தி, கிராமத்து நோயாளி சென்னை மருத்துவருடன் பேச வழிசெய்தது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இந்தியா முழுவதும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சிகிச்சையை முடித்துக்கொண்ட குடும்பத்துக்கு, மறுபடியும் தொடர்புகொள்ள ஓர் எண் கையில் இருப்பதே திடீர் மறுதாக்கத்தின் அச்சத்தைக் குறைக்கிறது.

இந்த இருநூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு முடிவு தெளிவாகிறது. கோயில், கெடுவையும் உடன்தங்கலையும் தந்தது, ஆனால் கற்பிக்கவில்லை. காப்பகம் மருத்துவரைத் தந்தது; ஆனால் குடும்பத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது. வேலூர் இரண்டையும் இணைத்து, பெற்றோரையும் உறவினரையும் முதல் நாளிலிருந்தே பயிற்றுவித்தது. சிகிச்சை நிலைத்து நின்ற இடங்களிலெல்லாம், அதை அடுத்து ஏற்கப்போகிறவர் தொடக்கத்திலேயே அறையில் இருந்தார். நிலைக்காத இடங்களிலெல்லாம் அவர் கடைசி நாளில்தான் அழைக்கப்பட்டார். ஆகவே திருவண்ணாமலையிலும் பிற மாவட்டங்களிலும் இன்று இயங்கும் இடையீட்டு மையங்களும் மனநலப் பிரிவுகளும், ஒரு குழந்தையையோ பெரியவரையோ சேர்த்துக்கொள்ளும் அன்றே, சேவை எந்த அளவுகோலின்படி, எந்த வேகத்தில் குறையும், யாரிடம் ஒப்படைக்கப்படும், தேவைப்பட்டால் எப்படித் திரும்பிவரலாம் என்பவற்றைக் குடும்பத்துடன் சேர்ந்து எழுதிவைக்க வேண்டும். அந்த ஒரு தாள் இல்லாத சிகிச்சையை, அது எவ்வளவு திறமையாக அளிக்கப்பட்டாலும், முழுமையானதாகக் கொள்ள இவ்வரலாறு இடம் தரவில்லை.